டர்பைன் நுனியில் லிட்டருக்கு 62,000: ஃபோர்லி லீஜியோனெல்லா மரணம், ஒரு நிகழ்வு ஆய்வு

2011 பிப்ரவரியில் இத்தாலியின் ஃபோர்லி நகரில் 82 வயதுப் பெண் ஒருவர் காய்ச்சலோடும் மூச்சுத்திணறலோடும் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். நினைவு தெளிவாக இருந்தது, கேட்டதற்குப் பதில் சொன்னார். ஏற்கெனவே இருந்த நோய் என்று எதுவும் இல்லை. மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரலின் பல இடங்கள் வெளுத்துத் தெரிந்தன. சிறுநீரில் கிருமியின் தடயத்தைத் தேடும் ஆன்டிஜன் சோதனை, நீரில் வாழும் லீஜியோனெல்லா நியூமோஃபிலா என்ற பாக்டீரியாதான் காரணம் என்று சீக்கிரமே காட்டிக்கொடுத்தது. சிப்ரோஃப்ளாக்சசினும் கிளாரித்ரோமைசினும் உடனே தொடங்கப்பட்டன. நோயைக் கண்டுபிடிப்பதிலோ மருந்தைத் தேர்ந்தெடுப்பதிலோ குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் தொற்றால் ரத்த அழுத்தம் சரியும் செப்டிக் அதிர்ச்சிக்குப் போய், இரண்டு நாளில் இறந்துபோனார்.

இந்தப் பாக்டீரியாவால் வரும் நுரையீரல் அழற்சியான லீஜியோனேர்ஸ் நோய்க்குக் கிருமி உள்ளே போன நாளிலிருந்து அறிகுறி வரை வழக்கமாக 2 முதல் 10 நாள் ஆகும். அந்த இடைவெளியில் அவர் எங்கெல்லாம் போனார் என்று விசாரித்தபோது கிடைத்த பதில் விசாரணைக்காரர்களுக்கு அபூர்வமாக வாய்ப்பது. அவர் வீட்டைவிட்டு வெளியே போனது இரண்டே முறை, இரண்டு முறையும் பல் மருத்துவரிடம். ஹோட்டல், நீச்சல்குளம், குளிர்விப்புக் கோபுரம் என்று பட்டியல் நீளவே இல்லை. வீட்டு நீரைச் சோதித்தார்கள், லீஜியோனெல்லா இல்லை. பல் சிகிச்சையகத்தில் எடுத்த மாதிரிகளில் இருந்தது.

பல் சிகிச்சை நாற்காலியின் நீர்க்குழாயிலிருந்து ஒருவருக்கு லீஜியோனேர்ஸ் நோய் வந்தது என்று ஆய்வக ஆதாரத்தோடு காட்டிய முதல் நிகழ்வு இதுதான். 2012 பிப்ரவரியில் லான்செட் இதழில் வெளியானது. அதற்கு முன்பும் சந்தேகங்கள் இருந்தன. 1988-இல் ஆஸ்திரியாவில் 107 பல் மருத்துவர்கள், உதவியாளர்கள், தொழில்நுட்பர்களின் ரத்தத்தைச் சோதித்ததில் 34 சதவீதம் பேரிடம் லீஜியோனெல்லாவுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் தெரிந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த, மருத்துவத் துறை சாராதவர்களிடம் அது 5 சதவீதம்தான். பல் கடையும்போது எழும் நீர்ச் சாரலுக்குள் தினமும் நிற்பவர்கள் எதையோ சுவாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்போதே தெரிந்த சேதி. ஆனால் எதிர்ப்புப் பொருள் இருப்பதும் நோய் வருவதும் ஒன்றல்ல என்பதால் அது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

முடிச்சு எப்படி விழுந்தது

சிறுநீர்ச் சோதனை வேகமானது. மருத்துவத்துக்கு அது போதும், விசாரணைக்குப் போதாது. அது பெரும்பாலும் இந்தக் கிருமியின் உட்பிரிவுகளில் ஒன்றான செரோகுரூப் 1 வகையை மட்டுமே பிடிக்கும். அதைவிட முக்கியமாக, அந்தச் சோதனையில் கையில் ஒப்பிடக் கிருமி மிஞ்சுவதில்லை. நோயாளியின் சுவாசப் பாதை மாதிரியிலிருந்து லீஜியோனெல்லாவின் மரபணுத் தகவல் கிடைத்தால்தான் நீரில் கிடைத்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். சிறுநீர்ச் சோதனையோடு நிறுத்திவிட்டுச் சளி மாதிரி அனுப்பாமல் விடுவது பல இடங்களில் நடக்கும் பிழை. மருந்து கொடுக்கத் தொடங்கிய பிறகு கிருமியை வளர்த்தெடுப்பது நாளுக்கு நாள் கடினமாகும்.

ஃபோர்லியில் அந்த மாதிரி இருந்தது. 7 மரபணுக்களின் வரிசையை வைத்து வகைப்படுத்தியதில் நோயாளியிடம் இருந்ததும் நாற்காலி நீரில் இருந்ததும் ஒரே வகை, எஸ்.டி.593. ஒற்றை வகை எதிர்ப்புப் பொருள்களைக் கொண்டு செய்த துணைவகைப் பிரிப்பில் இரண்டும் பெனிடார்ம் துணைக்குழு. செரோகுரூப் 1 என்ற அளவில் மட்டும் பொருந்தியிருந்தால் அது பலவீனமான சாட்சி, ஏனென்றால் மனிதருக்கு வரும் லீஜியோனெல்லா நோய்களில் பெரும்பங்கு அந்தக் குழுவினால் வருவதுதான். போய்வந்த இடம் ஒன்றே ஒன்று, வீட்டு நீர் சுத்தம், மரபணு வகை ஒன்று: மூன்றும் சேர்ந்ததால்தான் முடிச்சு இறுகியது.

மூன்று எண்கள்

சிகிச்சையகத்தில் மூன்று இடங்களில் செரோகுரூப் 1 கிடைத்தது. சாதாரணக் குழாயில் லிட்டருக்கு 1,500 சி.எஃப்.யூ. (ஆய்வகத் தட்டில் வளர்ந்து காலனியாகத் தெரிபவற்றின் எண்ணிக்கை). நாற்காலியின் நீர்க்குழாயில் 4,000. பல் கடையும் கைக்கருவியான அதிவேக டர்பைன் ஹேண்ட்பீஸிலிருந்து வந்த நீரில் 62,000.

இந்த நிகழ்வில் படிக்கவேண்டியதில் பாதி இந்த ஏற்றத்தில் இருக்கிறது. கிருமி கட்டடத்தின் நீரோடு வந்தது. நாற்காலிக்குள் நுழைந்ததும் சுமார் இரண்டரை மடங்கு. நோயாளியின் வாய்க்குள் போகும் கடைசி முனையில் குழாய் நீரைப்போல் 40 மடங்கு. குழாய் நீரை மட்டும் சோதித்து ‘கொஞ்சம் இருக்கிறது, பரவாயில்லை’ என்று முடித்திருந்தால் 62,000 கண்ணில் பட்டே இருக்காது. (இன்றைய ஐரோப்பியக் குடிநீர் நெறிமுறை, 2020-இல் வந்தது, லிட்டருக்கு 1,000-க்குக் கீழே என்கிறது. அந்த அளவுகோலில் அந்தக் குழாய் நீரே தேறாது.)

எண்ணுக்குப் பின்னால் வரும் அலகையும் பார்க்கவேண்டும். லீஜியோனெல்லாவை லிட்டர் கணக்கில் சொல்வார்கள். பல் நாற்காலி நீரின் பொதுவான பாக்டீரியா எண்ணிக்கையை மில்லிலிட்டர் கணக்கில் சொல்வார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2003 வழிகாட்டுதலில் அறுவை அல்லாத சிகிச்சைக்கான நீரின் வரம்பு மில்லிலிட்டருக்கு 500. லிட்டருக்கு 62,000 என்பதை மாற்றினால் மில்லிலிட்டருக்கு 62. அதாவது வேறு பாக்டீரியா அதிகம் இல்லாத பட்சத்தில், ஒருவரைக் கொன்ற இந்த நீர் பொதுச் சோதனையில் தேறிவிடக்கூடும். போதாக்குறைக்கு, அந்தச் சோதனைக்குப் பயன்படும் ஆர்2ஏ அகார் என்ற வளர்ப்பூடகத்தில் லீஜியோனெல்லா வளராது. அதற்கு சிஸ்டீன் என்ற அமினோ அமிலமும் இரும்பும் வேண்டும். 500-க்குக் கீழே என்ற சான்றிதழ் குழாயின் உள்சுவரில் பாக்டீரியா கூடிப் படியும் உயிர்ப்படலம் கட்டுக்குள் இருக்கிறதா என்பதற்கான மறைமுக அறிகுறி. லீஜியோனெல்லா இல்லை என்று அது ஒருபோதும் சொல்வதில்லை. முதியவர்களுக்கும் நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் சிகிச்சை தரும் இடத்தில் இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்டு வாங்கவேண்டும்.

குழாய்க்குள் என்ன நடக்கிறது

நாற்காலிக்குள் ஓடும் குழாய்களின் உள்விட்டம் சுமார் 2 மில்லிமீட்டர். அந்தக் குழாயில் ஒரு லிட்டர் நீர் நிற்பதாக வைத்துக்கொண்டால் அது 2 சதுர மீட்டர் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதே நீர் 15 மில்லிமீட்டர் குழாயில் தொடும் சுவர் கால் சதுர மீட்டர் சொச்சம். பாக்டீரியா ஒட்டிக்கொள்ளச் சுவர் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு உயிர்ப்படலம்.

ஓட்டமும் அதற்கு உதவிசெய்கிறது. டர்பைனுக்கு நிமிடத்துக்கு 50 மி.லி. போனால் இந்தக் குழாயில் நீரின் சராசரி வேகம் விநாடிக்கு 26 சென்டிமீட்டர் அளவு, ஓட்டம் எவ்வளவு கலங்கும் என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் சுமார் 500. கலக்கமே இல்லாத அடுக்கோட்டம் இது. நடுவில் நீர் ஓடும், சுவரோரம் கிட்டத்தட்ட நிற்கும். நீரைத் திறந்துவிட்டுக் குழாயை ‘அலசிவிட்டோம்’ என்று நினைப்பவர்கள் நடுவில் இருந்த நீரை மாற்றியிருக்கிறார்கள், படலத்தைத் தொடவில்லை. இரவு முழுவதும், வார இறுதி முழுவதும் நீர் தேங்கும்போது அதிலிருந்த மிச்சக் குளோரின் தீர்ந்துபோகிறது. நீர் அறை வெப்பத்துக்கு வந்துவிடுகிறது. லீஜியோனெல்லா பெருகுவது 20 முதல் 45 டிகிரிக்குள். வாய்க்கு இதமாக இருக்கட்டும் என்று நீரைச் சூடாக்கும் வசதி சில நாற்காலிகளில் உண்டு. அதை வைத்திருப்பவர்கள் கிருமிக்கும் இதமாக்கிக்கொண்டிருக்கிறார்கள். எந்தச் சிகிச்சையும் அந்த வசதியைக் கேட்பதில்லை, அணைத்துவிடுவதே நல்லது.

படலத்தில் பாக்டீரியா மட்டும் இருப்பதில்லை. அதை மேயும் அமீபாக்கள் இருக்கின்றன. லீஜியோனெல்லா அமீபாவுக்குள் புகுந்து, செரிக்கப்படாமல், அதற்குள்ளேயே பெருகுகிறது. நம் நுரையீரலில் கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லுக்குள் அது செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான். அமீபாவின் கூட்டுறைக்குள் இருக்கும்போது குளோரின் அதை எளிதில் எட்டாது. அதனால்தான் ஒருமுறை கிருமிநீக்கம் செய்து சுத்தம் என்று வந்த நாற்காலி சில வாரத்தில் பழையபடி ஆகிறது.

இன்னொரு வழி நோயாளியிடமிருந்தே வருகிறது. டர்பைனை நிறுத்தியதும் சக்கரம் உடனே நிற்காது, உந்தத்தில் கொஞ்சம் சுற்றும். அந்த நேரத்தில் நுனியில் உறிஞ்சல் ஏற்பட்டு எச்சிலும் ரத்தமும் ஹேண்ட்பீஸுக்குள் இழுக்கப்படும். இதைத் தடுக்கப் பின்னிழுப்புத் தடுப்பு வால்வு இருக்கிறது. அது ரப்பர் சமாச்சாரம், தேயும். நுனியில் நீரை நிறுத்தியவுடன் ஒரு துளி தொங்கிக்கொண்டிருக்கிறதா, அல்லது உள்ளே போய்விடுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. உள்ளே போனால் வால்வு போய்விட்டது.

நீர் காற்றாவது

1957-இல் ஜான் போர்டனின் ஏரோட்டார் என்ற காற்று டர்பைன் வந்தபிறகு பல் கடைவது நிமிடத்துக்கு 3,00,000 சுற்றுக்குப் போனது. அந்த வேகத்தில் பல் சூடேறாமல் இருக்க நீர் தேவைப்பட்டது. சுழலும் பர் (கடையும் முனை) நுனியில் நீரும் அழுத்தக் காற்றும் மோதுவதுதான் சாரல். பல்லில் படிந்த காரையை நீக்கும் அல்ட்ராசோனிக் ஸ்கேலர் விநாடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்ந்து இதே வேலையைச் செய்கிறது. சாரலை உண்டாக்குவதில் அது டர்பைனுக்கு இளைத்ததல்ல.

1969-இல் மிசிக் குழுவினர் இதை இரண்டாகப் பிரித்தார்கள்: 50 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மேல் தெறிப்பு, அதற்குக் கீழ் ஏரோசால். 100 மைக்ரான் துளி ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து 5, 6 விநாடியில் தரையில் விழும். 10 மைக்ரான் துகளுக்குச் சுமார் 8 நிமிடம். 1 மைக்ரான் துகள் அசையாத காற்றில் அரை நாள் மிதக்கும், அறையின் காற்று அசைவில் விழவே விழாது என்று வைத்துக்கொள்ளலாம். துளி கிளம்பிய அளவிலும் நிற்பதில்லை, ஆவியாகிச் சுருங்கிக்கொண்டே போகும். 5 மைக்ரானுக்குள் வந்துவிட்டால் நுரையீரலின் காற்றறை வரை வழி திறந்துவிட்டது. முகக்கவசத்தின் முன்பக்கத்தில் தெரியும் புள்ளிகளும் நோயாளியின் மார்பில் விழும் ஈரமும் தெறிப்பு மட்டுமே.

சிகிச்சையின்போது நோயாளி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூக்கால் மூச்சுவிடுகிறார். சாரல் பிறக்கும் இடத்துக்கும் அவர் மூக்குக்கும் சில சென்டிமீட்டர். அறையில் மிக அருகில் இருப்பவர் அவர்தான், முகக்கவசம் இல்லாதவரும் அவர்தான். பல் சிகிச்சைச் சாரலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மருத்துவரையும் உதவியாளரையும் காப்பதைப் பற்றியே இருக்கிறது. ஃபோர்லியில் இறந்தவர் நாற்காலியில் படுத்திருந்தவர்.

மில்லிலிட்டருக்கு 62 என்றால், சாரலாகி நுரையீரலுக்குப் போகும் நீர் 0.1 மி.லி. என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 6 கிருமிதான். இவ்வளவு குறைவான எண்ணிக்கையா கொல்லும் என்ற கேள்வி நியாயமானது. தட்டில் தெரியும் ஒரு காலனி ஒரு செல்லிலிருந்துதான் வந்தது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அமீபா வெளித்தள்ளும் ஒரு பொதிக்குள் நூற்றுக்கணக்கில் லீஜியோனெல்லா இருக்கலாம், அந்தப் பொதியும் சுவாசிக்கத்தக்க அளவுதான், தட்டில் அது ஒரே காலனி. உயிரோடு இருந்தும் அகாரில் வளர மறுக்கும் நிலையிலும் லீஜியோனெல்லா இருக்கும். எனவே தட்டு எண்ணிக்கையைக் குறைந்தபட்சமாகத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும். வாயில் தேங்கிய நீர் புரையேறி நேராக மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும் வாய்ப்பையும் ஒதுக்கக்கூடாது. 82 வயதில், மல்லாந்து படுத்த நிலையில், விழுங்கும் அனிச்சை இளைஞருக்கு இருப்பதுபோல் இருக்காது. எந்த வழியில் போயிருந்தாலும் மூலம் அதே நீர்தான், தடுப்பும் அதே நீரில்தான் தொடங்கவேண்டும்.

வாயா, குழாயா

எச்சிலில் மில்லிலிட்டருக்குப் பத்துக் கோடி அளவில் பாக்டீரியா இருக்கிறது. அதனால் சாரலில் இருப்பது வாய்க் கிருமி என்றே பல காலம் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 2021-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 28 நோயாளிகளிடம் எச்சில், சிகிச்சைக்குப் பயன்பட்ட நீர், சாரல் படிந்த பரப்புகள் மூன்றையும் மரபணு முறையில் ஒப்பிட்டார்கள். சாரலில் இருந்த நுண்ணுயிரிகளில் இடைநிலைக் கணக்காக 78 சதவீதம் சிகிச்சை நீரிலிருந்து வந்தவை. எச்சிலின் பங்கு, தெரிந்த இடங்களில், 0.1 முதல் 1.2 சதவீதம். எச்சிலைவிடப் பல மடங்கு நீர் வாய்க்குள் கொட்டப்படுகிறது, பெரும்பாலானது உறிஞ்சு குழாயான சக்‌ஷனில் போகிறது என்பதை நினைத்தால் இது ஆச்சரியமில்லை. வாயிலிருந்து வரும் காசநோய்க் கிருமியோ சுவாச வைரஸோ அபாயமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. நம் கையில் நேரடியாக இருக்கும் பங்கு எவ்வளவு பெரியது என்பதையே அந்த எண் சொல்கிறது. நோயாளியின் வாயில் என்ன இருக்கிறது என்பதை மாற்ற ஓரளவுதான் முடியும். நாற்காலிக் குழாய் நம்முடையது.

நாற்காலி நீரில் பாக்டீரியா பெருகுகிறது என்று பிரிட்டனில் பிளேக் எழுதியது 1963-இல். ஃபோர்லி நிகழ்வுக்கும் அதற்கும் 48 ஆண்டு இடைவெளி.

நீரிலிருந்து வரும் தீங்கு காற்றுவழியாகத்தான் வரவேண்டும் என்பதும் இல்லை. 2015-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு குழந்தைகள் பல் சிகிச்சையகத்தில் பல்கூழ் நீக்கம் செய்யப்பட்ட குழந்தைகளுக்கு மைக்கோபாக்டீரியம் அப்செஸ்ஸஸ் தொற்று வந்தது. 7 நாற்காலிகளின் நீரிலும் எண்ணிக்கை வரம்பை மீறியிருந்தது, சராசரி மில்லிலிட்டருக்கு 91,333. அங்கே குழாய்களைக் கிருமிநீக்கம் செய்யும் வழக்கமும் இல்லை, நீரைச் சோதிக்கும் வழக்கமும் இல்லை.

அளப்பதில் விழும் பிழைகள்

பல் சிகிச்சைக் காற்றைப் பற்றிய ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை படிவுத் தட்டை நம்புகின்றன. 9 சென்டிமீட்டர் தட்டைத் திறந்து, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி, 1 மணி நேரம் வைப்பது ஒப்பிடத்தக்க முறை. செலவு குறைவு, யாரும் செய்யலாம். ஆனால் அது பிடிப்பது விழுகிற துகளை. நுரையீரலுக்குப் போகும் துகள் விழாமல் மிதப்பது. நோயாளியின் மார்பருகே வைத்த தட்டில் காலனி குவிவதும் 2 மீட்டர் தள்ளி வைத்ததில் அடங்கிவிடுவதும் தெறிப்பின் கதை, அதைக் காற்றின் கதையாகப் படிக்கிறார்கள்.

அகார் தேர்வும் முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. ரத்த அகாரில் 37 டிகிரியில் 48 மணி நேரம் வளர்த்தால் வாய்க் கிருமி தெரியும். நீர்க் கிருமிகள் பல அந்தச் சூட்டிலும் அந்தச் செழிப்பான உணவிலும் வளராதவை. அவற்றுக்கு ஆர்2ஏ, 22 முதல் 28 டிகிரி, 5 முதல் 7 நாள் வேண்டும். சாரலில் இருப்பது வாய்க் கிருமியே என்ற பழைய நம்பிக்கையில் ஒரு பகுதி இந்தத் தட்டுத் தேர்வில் பிறந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது.

மிதப்பதை அளக்க ஆண்டர்சன் கருவி போன்ற இழுப்பு முறை தேவை. நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்றை 6 அடுக்குகள் வழியாக இழுக்கும். முதல் அடுக்கில் 7 மைக்ரானுக்கு மேற்பட்டவை தங்கும், கடைசியில் 0.65 வரை. கீழ் நான்கு அடுக்குகளின் கூட்டுத்தொகை நுரையீரல் பங்குக்கு நெருக்கமானது. சிகிச்சைக்கு முன், நடக்கும்போது, முடிந்து 30 நிமிடம் கழித்து என மூன்று முறை எடுக்காவிட்டால் எண்ணுக்கு அர்த்தம் வராது. லீஜியோனெல்லாவைக் காற்றில் தேடுவது வீண் வேலைக்கு அருகில் வரும். உலர்தலும் மோதலும் அதை வளராமல் செய்துவிடும். அதை நீரில் தேடவேண்டும்.

நீர் மாதிரி எடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. லீஜியோனெல்லா சோதனைக்கு 1 லிட்டர் கேட்பார்கள். நிமிடத்துக்கு 50 மி.லி. தரும் டர்பைனில் அதைப் பிடிக்க 20 நிமிடம் ஆகும். அதற்குள் இரவெல்லாம் தேங்கிய நீர் போய், புது நீர் வந்து கலந்து, எண்ணிக்கை இறங்கிவிடும். எனவே வேலை தொடங்கும் முன், எதையும் ஓடவிடாமல், முதல் 100 மி.லி.யைத் தனிப் புட்டியில் பிடிக்கவேண்டும். பிறகு 2 நிமிடம் ஓடவிட்டு இரண்டாவது மாதிரி. முதலாவது மிக அதிகமாகவும் இரண்டாவது குறைவாகவும் இருந்தால் வளர்ச்சி நாற்காலிக்குள் இருக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒன்று என்றால் வரும் நீரைப் பார்க்கவேண்டும். ஒரே நேரத்தில் அறைக் குழாயிலும் ஒரு மாதிரி எடுத்தால்தான் ஃபோர்லியில் தெரிந்த ஏற்றம் தெரியும். புட்டியில் சோடியம் தயோசல்ஃபேட் இருக்கவேண்டும். இல்லையென்றால் நீரில் இருக்கும் குளோரின் வழியெல்லாம் கிருமியைக் கொன்று, ஆய்வகம் சேரும்போது ‘சுத்தமான’ நீராக்கிவிடும். பொது எண்ணிக்கைக்கான மாதிரியைக் குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்கவேண்டும். லீஜியோனெல்லா மாதிரியை வெயிலும் சூடும் படாமல் அனுப்பினால் போதும், உறையவைக்கக்கூடாது. முடிவு வர 10 நாள் வரை ஆகும்.

எதை எங்கே தடுப்பது

முதல் வேலை குழாய். உற்பத்தியாளர் அனுமதிக்கும் கிருமிநாசினியைக் கொண்டு அதிர்ச்சிச் சிகிச்சை: தனிப் புட்டி உள்ள நாற்காலிகளில் வீட்டு ப்ளீச்சை 1-க்கு 10 நீர்த்து, எல்லாக் குழாய்களிலும் நுனிவரை நிரப்பி, 10 நிமிடம் விட்டு, முழுவதும் அலசுவது பழைய முறை. ஹைட்ரஜன் பெராக்சைடு, குளோரின் டை ஆக்சைடு சார்ந்த தயாரிப்புகளும் உண்டு. பெரும்பாலும் விட்டுப்போவது நீரும் காற்றும் பீய்ச்சும் மும்முனைச் சிரிஞ்சும் யாரும் எடுக்காத இரண்டாவது ஹேண்ட்பீஸ் குழாயும். பயன்படாத கிளையில் தங்கிய படலம் மற்றவற்றுக்கு விதைநெல். அதிர்ச்சிச் சிகிச்சைக்குப் பின் தினமும் குறைந்த அளவில் தொடரும் மருந்து, மாத்திரையாகவோ வடிகட்டிக் குப்பியாகவோ, இல்லாவிட்டால் செய்த வேலை சில வாரத்துக்குத்தான் தாங்கும்.

தனிப் புட்டியில் காய்ச்சி வடித்த நீரையோ கிருமியற்ற நீரையோ ஊற்றினால் போதும் என்ற நம்பிக்கை மிகப் பரவலானது. படலம் பிடித்த குழாய்க்குள் எந்த நீரை ஊற்றினாலும் நுனியில் வருவது படலத்தின் நீர். குளோரின் கூட இல்லாத நீர் என்பதால் சில நேரம் நிலைமை இன்னும் மோசமாகும். எலும்பைத் தொடும் அறுவைக்குக் கிருமியற்ற நீர் அவசியம், அதை நாற்காலிக் குழாய் வழியாக அல்லாமல் தனிப் பம்பிலோ சிரிஞ்சிலோ கொடுக்கவேண்டும்.

காலையில் 2 நிமிடமும், ஒவ்வொரு நோயாளிக்குப் பின் 20 முதல் 30 விநாடியும் ஓடவிடுவது வேறு வேலைக்கானது. 3 மீட்டர் குழாயில் நிற்பது சுமார் 9 மி.லி. நீர். 30 விநாடியில் 25 மி.லி. ஓடும், அதாவது குழாய் இரண்டரை முறை மாறும். முந்தைய நோயாளியிடமிருந்து உறிஞ்சப்பட்டதை வெளியேற்ற அது போதுமானது. அப்படி ஓடவிடும்போது சக்‌ஷன் குழாயை நுனியில் பிடித்துக்கொள்ளவேண்டும், இல்லையேல் இரவின் மொத்தத் தேக்கத்தையும் சாரலாக்கி அறையில் விடுகிறோம்.

அடுத்தது பிறக்கும் இடத்திலேயே இழுப்பது. 8 மில்லிமீட்டர் வாயுள்ள, நிமிடத்துக்கு 250 லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கும் அதிகொள்ளளவு சக்‌ஷனை நுனியிலிருந்து 1, 2 சென்டிமீட்டரில் பிடித்தால் சாரலில் 90 சதவீதத்துக்கு மேல் அடங்கும். எச்சில் இழுக்கும் மெல்லிய குழாய் இதைச் செய்யாது. அது நீரை இழுக்கும், காற்றை இழுக்கப் போதாது. அதைச் சுற்றி உதட்டை மூடச்சொன்னால் முந்தையவரின் எச்சில் பின்னோக்கி வரவும் வாய்ப்புண்டு. உதவியாளர் இல்லாமல் தனியாக ஸ்கேலிங் செய்பவர்கள்தான் பெரும்பாலும் மெல்லிய குழாயோடு ஒப்பேற்றுகிறார்கள். கருவியோடு இணைக்கும் அதிகொள்ளளவு முனை அவர்களுக்காகவே இருக்கிறது.

சிகிச்சைக்கு முன் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பதும் பல்லைச் சுற்றி விரிக்கும் ரப்பர் டேமும் வாயின் பங்கைக் குறைக்கும். நீரின் பங்கை இரண்டும் தொடாது. டேம் மீது மோதும் சாரல் முழுக்க முழுக்கக் குழாய் நீர்தான். மிச்சமிருப்பதைக் காற்றோட்டம் பார்த்துக்கொள்ளவேண்டும். மணிக்கு 6 முறை காற்று மாறும் அறையில் 99 சதவீதம் வெளியேற 46 நிமிடம், 12 முறை மாறினால் 23 நிமிடம். காற்று வெளியேறாமல் உள்ளேயே சுற்றும் குளிர்சாதனத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

லீஜியோனெல்லா கிடைத்துவிட்ட நாற்காலியை மறுபடி திறப்பதற்கு முன் அவசரப்பட்டு ஏமாறுவது சாதாரணமாக நடக்கிறது. கிருமிநாசினி ஓடிய மறுநாள் காலை மாதிரி எடுத்தால் முடிவு பூஜ்யமாகத்தான் வரும், மிதந்தவை செத்திருக்கும், படலத்தின் அடியில் இருப்பவை இன்னும் நீருக்கு வந்திருக்காது. 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, அதே டர்பைன் குழாயில், ஓடவிடாத முதல் 100 மி.லி.யைப் பிடித்து அனுப்பவேண்டும். கட்டடத்தின் வெந்நீர்த் தொட்டி 60 டிகிரிக்கு மேல் நிற்கிறதா, குளிர்நீர்க் குழாய் 20-க்குக் கீழே இருக்கிறதா என்பதையும் அதே வாரத்தில் பார்க்கவேண்டும். ஃபோர்லியில் அறைக் குழாயிலேயே 1,500 இருந்தது. நாற்காலியை மட்டும் சுத்தம் செய்துவிட்டு அந்தக் குழாயோடு மறுபடி இணைத்தால் விதை மறுபடி உள்ளே போகும்.